மண்டபத்தில் காத்திருக்கும் தகடுகள்

பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மின்வேதியியலுக்கு ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடத்த இதைவிடப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் கிடையாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து கொண்டுவந்த ஆய்வகம் இங்கே இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஆட்டோக்காரரிடம் ‘சிக்ரி’ என்றால் போதும்.

பெரிய அரங்கு முழுக்க பேட்டரி பேச்சுதான். லித்தியத்துக்குப் பதில் சோடியம் வருமா, வந்தால் எத்தனை முறை சார்ஜ் ஏறும் என்று மாணவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே துருவைப் பற்றிப் பேசினார்கள், கூட்டம் குறைவு. பேட்டரியில் நடப்பதேதான் துருவிலும் நடக்கிறது. இரும்பின் ஓரிடம் கரைந்து எலக்ட்ரானை விடுகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. உப்பு ஈரம் நடுவில் நின்று சுற்றை முடித்துவைக்கிறது. அந்த மின்சாரம் யாருக்கும் பயன்படுவதில்லை, இரும்புதான் போகிறது.

தேநீர் இடைவேளையில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் கதை வந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் அடித்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க, 1824இல் துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு இணைக்கச் சொன்னார் அவர். செம்புக்குப் பதில் இணைத்த உலோகம் கரைந்தது, தகடு பிழைத்தது. ஆனால் செம்பு கரைந்துகொண்டிருந்ததால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்திருக்கின்றன. கரைவது நின்றதும் அவை மொய்த்துக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. ஆய்வகத்தில் சரியாக இருப்பதைக் கடலிடம் கேட்டுப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கருத்தரங்கு முடிந்ததும் மண்டபம் என்ற ஊருக்குப் போனோம். ஆய்வகத்தின் அரிமான (உலோக அரிப்பு) ஆய்வு நிலையம் அங்கே கடலோரமாக இருக்கிறது. கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்த சட்டங்களில் வரிசையாகத் தகடுகள், ஒவ்வொன்றையும் பீங்கான் பிடிகள் தாங்கியிருந்தன. ஒரு தகட்டின் ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். அப்பள அடுக்குபோலத் துரு ஏடு ஏடாகப் பிளந்து நின்றது. அடியில் இரும்பு தாள் கனத்துக்கு வந்துவிட்டிருந்தது. பக்கத்துத் தகட்டில் பூச்சு அப்படியே பளபளத்தது. வேலை பார்ப்பவரிடம், “அண்ணே, இதை எப்ப எடுப்பீங்க?” என்றேன். “அவசரப்படக் கூடாது தம்பி, இன்னும் வருசக்கணக்குல காயணும்,” என்றார். கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஆராய்ச்சியை அளக்கும் இந்தக் காலத்தில் இந்தப் பொறுமைக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களை நான் மனதார மதிக்கிறேன்.

அங்கிருந்து பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். கூட வந்த வெளிநாட்டுப் பேராசிரியர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

என் கண் போனது கரையோரத்துச் சின்னக் கான்கிரீட் வீடுகளின் மேல். தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. “உப்பு தின்னுருச்சு,” என்றார் ஒரு வீட்டுக்கார அம்மா. சரியாகத்தான் சொன்னார். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு உள்ளே இறங்கியதும் அந்தப் படலம் உடைகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கம்பி ஊதி, கான்கிரீட்டைப் பிளக்கிறது. நல்ல தண்ணீரில் கலவை, கழுவிய மணல், கம்பிக்கு மேல் போதிய கனம், சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட். இவ்வளவு செய்தாலே வீட்டின் ஆயுள் நீளும். பாலம் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அடுத்த கருத்தரங்கில் ஒரு நாளை மண்டபத்துக் கொத்தனார்களுக்குத் தமிழிலேயே ஒதுக்குங்கள் என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.