மத்தியானம் மட்டும் காணாமல் போகும் டேபிள்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான்தான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லோடு ஏற்றுகிறவர். இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு எனக்கும் அதே சிப்காட்டில் ஒரு கம்பெனி கிடைத்ததில் அவருக்கு ஒரே பெருமை. திருவள்ளூரிலிருந்து ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுவேன்.

பெரிய மெஷின் பார்க்கலாம் என்று போன எனக்குக் கொடுத்தது ஸ்டோர் ரூம். அங்கே ஓடுவது பழைய மைக்ரோசாஃப்ட் அக்சஸ் புரோகிராம். அக்சஸ் 1992-ல் வந்தது, நமக்கெல்லாம் மூத்தது! ஸ்டாக் டேபிள்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எம்.டி.பி. ஃபைலில் இருக்கும். ஸ்டோர் கம்ப்யூட்டரில் ஃபார்ம்கள் மட்டும்தான். இரண்டையும் சேர்ப்பது லிங்க். லிங்க் என்றால் வேறொன்றுமில்லை, ‘இசட் டிரைவில் இந்த ஃபோல்டரில் போய்ப் பார்’ என்று எழுதி வைத்த விலாசம்.

சில நாள் மத்தியானம் ‘பாத் சரியில்லை’ என்று செய்தி வரும். கேட் பாஸ் அடிக்க முடியாது. லாரி நிற்கும். லோடு கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். பழி ஸ்டோர் அண்ணன் மேல். “நீதான்யா எதையோ அமுக்கிடுற. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்றார் மேனேஜர். காரணம், பக்கத்து டெஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் இது வந்ததே இல்லை. அண்ணன் என்னிடம், “தம்பி, நான் மவுஸைத் தவிர ஒண்ணையும் தொடலப்பா” என்றார்.

சர்வீஸ்காரர் வருவார். மை கம்ப்யூட்டரைத் திறந்து இசட் டிரைவை கிளிக் செய்வார். எல்லாம் சரியாக இருக்கும். பில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் ஒரு நோட்டில் நேரத்தை மட்டும் எழுதி வந்தேன். எல்லாமே சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு! அப்புறம்தான் கவனித்தேன்: ஸ்டோர் அண்ணன் ஒழுங்கான ஆள், சாப்பிடப் போகும்போது புரோகிராமை மூடிவிட்டுப் போவார். டெஸ்பாட்ச்காரர் திறந்தபடியே போட்டுவிட்டுப் போவார்.

விஷயம் அங்கேதான். ஃபைல் எதுவும் திறந்திராமல் 15 நிமிடம் சும்மா இருந்தால், ஷேர் கொடுக்கும் விண்டோஸ் அந்த இணைப்பைத் தானே துண்டித்துவிடும். டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். புது புரோகிராம்கள் கேட்டதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழையவை சில சமயம் ஒட்டும், சில சமயம் ஒட்டாது. டிரைவை கிளிக் செய்தாலே இணைப்பு உயிர் பெற்றுவிடும். ஆக, சர்வீஸ்காரர் சோதித்ததே கோளாறை மறைத்துவிட்டது!

மேனேஜர் முன்னாலேயே புரோகிராமை மூடி அரை மணி காத்திருந்தேன். முதல் நாள் திறந்துகொண்டது (எனக்கு வியர்த்துவிட்டது). இரண்டாம் நாள் செய்தி வந்தது. அவர் கண்ணெதிரே இசட் டிரைவை கிளிக் செய்தேன், புரோகிராம் ஓடியது.

பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘நெட் கான்ஃபிக் சர்வர்’ கட்டளையில் ஆட்டோடிஸ்கனெக்ட்டை மைனஸ் 1 ஆக்கினோம். லிங்க்ட் டேபிள் மேனேஜரில் இசட்டை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெயரோடு முழு விலாசம் கொடுத்தோம். டிரெயினிங் முடியும்வரை அந்தச் செய்தி வரவில்லை.

மேனேஜர் “சரி” என்றார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அண்ணன் மறுநாளும் புரோகிராமை மூடிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.