எண்ணூர்க் கழி

எண்ணூரைவிட்டு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. யாராவது சொந்த ஊர் கேட்டால் இன்றும் சென்னை என்று சொல்ல வாய் வருவதில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு வந்து விழும் முகத்துவாரம் என்று மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர் எங்களுடையது.

"தண்ணி வத்திடுச்சுடா, போய் எறா வாங்கினு வா" என்பாள் அம்மா. கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக நகர்ந்து கொண்டிருப்பார்கள். வலை கிடையாது. குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். கைகள் இரண்டும் வேலைக்கு வேண்டுமே! விரல் நுனிக்கு மட்டும் தெரிந்த வித்தை அது. துள்ளத் துள்ள வாங்கிவந்த இறாலைக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். இப்போது ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கும் பண்ணை இறாலுக்கு அந்த ருசியில் கால்வாசிகூட இல்லை.

ஊரின் கிழக்கு எல்லை மட்டும் நின்ற இடத்தில் நின்றதில்லை. நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். மணல் அதற்குத் தெற்கிலேயே தங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை அரித்துக்கொண்டே போனது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. கரையைக் காக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். மெரினாவில் குடும்பங்கள் காலாற நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த மணலில் ஒரு பங்கு எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டியது என்ற நினைப்பு விடுவதில்லை.

கழிக்கும் கேடு வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது, 2017-ல் நிறுத்தினார்கள். அதற்குள் வடகரையில் இன்னும் பெரிய நிலையம் வந்திருந்தது. அதன் சாம்பல் கழியில் படிந்து, ஆழமான இடமெல்லாம் மேடானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து, படகும் வலையும் அலையாத்திச் செடிகளும் கறுத்தன.

நகரத்துக்கு மின்சாரமும் துறைமுகமும் வேண்டும், மறுக்கவில்லை. சாம்பலை வாரிக் கழியை ஆழப்படுத்துங்கள் என்று கழியோர ஊர்களான நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதுதான் எனக்கும் வேண்டும். சேறு சேறாகவே இருக்கும் ஒரு கழி, கை வைத்தால் இறால் தட்டுப்படும் கழி.