4 எழுத்து, 24 பைட்

மதுரையில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடி அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் மூன்று பேர், ஐந்து திரை, கடகடக்கும் ஒரு மேஜை விசிறி. சுங்குடிப் புடவைக் கடை ஒன்றின் வலைத்தளத்தை இணையக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தளம் ஏற்கெனவே லட்சணமாகத்தான் இருந்தது. முகப்பில் ஆறு புடவை, கீழே கடையின் கதை, போன் நம்பர். அந்த முகம் மாறக் கூடாது, புடவை மட்டும் விற்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

"ஒரு பட்டன் தான தம்பி, வச்சு விட்ருங்கன்னாரு சார்" என்றார் மூத்தவர். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பழைய வடிவத்தை வரைந்தவருக்கு ஆறு புடவை போதுமாக இருந்தது. ஆறுக்கும் அளவாக வெட்டிய படம், இரண்டு சொல்லில் பெயர். கடையின் உண்மையான பட்டியலோ வேறு மாதிரி: 'அரக்குக் கரை போட்ட கருநீலக் கைமுடிச்சுச் சுங்குடி' என்று ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். பெயர் மூன்று வரிக்கு ஓட, பக்கத்துக் கட்டத்தின் விலை கீழே இறங்கி நின்றது. இதைச் சரிசெய்ய யாரோ முன்பு பெயரை இருபது பைட்டோடு வெட்டும்படி நிரல் எழுதியிருந்தார்கள். அந்த அறையில் தளத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் எழுதும் பெண் 'சுங்குடி' என்ற ஒரே சொல்லைக் கொடுத்து எனக்கு அதை ஓட்டிக் காட்டினார். 'சுங்கு' வரை வந்தது. அதன் பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

"நமக்குச் சுங்குடின்னா நாலு எழுத்து சார். சு, ங், கு, டி. மெஷினுக்குக் காலு, புள்ளி, கொம்பெல்லாம் தனித்தனி. மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணும் மூணு பைட்டு. இருபத்துநாலு ஆச்சா? இருபதுல வெட்டுனா 'ட'வோட கழுத்துல விழுது."

ஆங்கிலத்துக்கு எழுதிய கத்தரி. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டத்தின் உயரத்தைப் பெயரோடு வளரவிட்டார். வரிசை கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

படத்திலும் இதே கதை. அவர்கள் கடை கட்டுவது வேர்ட்பிரஸ் மேல் உட்காரும் வூகாமர்ஸ் என்ற பிளகினில். அது பட்டியல் படத்தைத் தானாகச் சதுரமாக வெட்டும். தொங்கவிட்டு எடுத்த புடவையைச் சதுரமாக்கினால் முந்தானை போய்விடும். முந்தானையைக் காட்டாமல் மதுரையில் யார் புடவை விற்பார்கள்? அமைப்பை மாற்றி நீள்சதுரம் ஆக்கினார்கள். முன்பே ஏற்றிய அத்தனை படத்தையும் மறுபடி உருவாக்க ஒரு மத்தியானம் போனது.

மூத்தவரின் பிடிவாதம் வேறிடத்தில். வூகாமர்ஸின் டெம்ப்ளேட் கோப்பை நகலெடுத்துத் தீமுக்குள் வைத்தால், அது நம் நகலைத்தான் எடுத்துக்கொள்ளும். விருப்பப்படி திருத்தலாம், சீக்கிரம் முடியும். ஆனால் பிளகின் அப்டேட் ஆகும்போது நகல் பழசாகவே நிற்கும். முன்பு ஒரு வேலையில் பதினேழு நகல் வைத்து, அப்டேட் ஆன ராத்திரி செக்அவுட் படுத்துவிட்டதாம். இப்போது முடிந்தவரை ஹூக்தான். பிளகினே ஆங்காங்கே அடித்து வைத்திருக்கும் கொக்கி அது. நம் சரக்கை அதில் மாட்டிவிட்டால் போதும், சுவரை இடிக்க வேண்டாம். இந்தத் தளத்தில் நகல் இரண்டே இரண்டு. இரண்டுக்கும் காரணத்தைக் கோப்பின் தலையிலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கையால் முடிச்சுப் போட்ட புடவையில் ஒன்று போல் இன்னொன்று இராது. ஆகவே இருப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்றே. இரண்டு போனில் ஒரே புடவையைக் கார்ட்டில் போட்டுப் பார்த்தார்கள். முதல் போனில் ஆர்டர் போனது. இரண்டாவதில் வெள்ளைத் திரையில் சிவப்பாக ஒரு ஆங்கில வரி. பழைய வடிவத்தில் இப்படி ஒரு நிலையே இல்லை, எனவே அதற்கு நிறமும் இல்லை, சொல்லும் இல்லை.

அந்தப் பெண் 'இந்தப் புடவை இல்லை' என்று தட்டினார்.

முதலாளி எழுந்தே விட்டார். "கடைல 'இல்லை'ன்னு சொல்லக் கூடாதும்மா."

அழித்தார். "அப்ப என்ன போடலாம்ணே?"

"'வித்துருச்சு'ன்னு போடு. அதே கலர்ல இன்னும் நாலு எடுத்துக் காட்டு."

"நாலு காட்டணும்னா அதுக்கு வேற ஒரு ஹூக் வேணுமே" என்று முனகிக்கொண்டே மூத்தவர் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார்.