தேய்ந்த பாதம்

உரோமாபுரியிலுள்ள புனித இராயப்பர் பேராலயத்தை நான் கண்டது ஒரு வியாழக்கிழமைப் பின்னேரத்தில். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் உணவகமொன்றிலே கோப்பை கழுவிப் பிழைக்கும் என் தமையனாரைப் பார்த்துவிட்டு நாடு திரும்பும் வழியிற் கிடைத்த ஒருநாள் அவகாசம் அது.

பக்தனாக நான் செல்லவில்லை. வழக்குரைக்கச் செல்பவன் போலவே சென்றேன். 1506 ஆம் ஆண்டில் இரண்டாம் யூலியஸ் பாப்பரசர் அடிக்கல் நாட்டிய இவ்வாலயம் 1626 இலேயே அபிஷேகம் பெற்றது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? யேர்மன் நாட்டு ஏழைக் குடியானவனுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுத் திரட்டிய காசும் அதிலே உண்டு. மயின்ஸ் நகரப் பேராயர் அல்பிரெக்ற்றின் பகுதிகளில் திரட்டப்பட்டதில் ஒரு பாதி இவ்வாலயத்துக்கென ஒதுக்கப்பட, மறு பாதி அவர் பதவி பெறுவதற்குப் பட்ட கடனுக்காகப் புக்கர் என்னும் வணிகக் குடும்பத்தின் பெட்டகத்துக்குப் போயிற்று. 1517 இல் மாட்டின் லூதர் எழுப்பிய எதிர்ப்புக்கு இவ்வியாபாரமே உடனடிக் காரணமாயிற்று. இக்கதையை என் மாணவருக்கு ஏளனம் கலந்த குரலில் நான் பலமுறை சொன்னதுண்டு.

பேர்னினி அமைத்த 284 தூண்களைக் கொண்ட முற்றத்தைக் கடந்து, வரிசையில் நெடுநேரம் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், ஆலய முகப்பின் நடுவே பெரிய எழுத்துக்களில் ஐந்தாம் பவுல் பாப்பரசரின் பெயரும், அவர் பிறந்த போர்கீசே குடும்பத்தின் பெயரும், 1612 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லுடைத்தவன் பெயர் இல்லை. காசு கொடுத்தவன் பெயரும் இல்லை. என் வழக்குக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உள்ளே மைக்கலாஞ்சலோ வகுத்த கவிகையின் கீழ் மனிதர் எறும்புகளாயினர். அதற்கு அண்மையில், பளிங்கு ஆசனத்தில் இராயப்பரின் வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. அதன் வலது பாதத்தைப் பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர் தொட்டும் முத்தமிட்டும் வந்தமையால், விரல்கள் ஒன்றோடொன்று கலந்து மழுங்கிவிட்டன.

அப்பாதத்தைத் தொட்டுக் கண்மூடி நின்ற பெண்மணியின் முகம் நம் நாட்டு முகம். என்னைக் கண்டதும் தமிழிலே பேசினார். நீர்கொழும்புக் கரையைச் சேர்ந்தவர், மீன்பிடிக் குடும்பம். உரோமாபுரியில் ஒரு முதியவரைப் பராமரிக்கிறார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு.

"இவர் எங்கட ஆளல்லோ தம்பி! இவரும் வலை இழுத்தவர்தானே," என்று சிரித்தார். "என்ட மகளுக்கு உயர்தரச் சோதனை. ஏழு வருசமாப் பிள்ளையைப் பக்கத்தில இருந்து பார்க்கயில்ல."

நான் ஆசிரியன் என்று அறிந்ததும் அவர் சிரிப்பு மறைந்தது.

"மாஸ்டர், தாய் வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்க."

என் வகுப்பிலும் அத்தகைய பிள்ளைகள் நால்வர் உளர். பெற்றோர் கூட்டத்துக்குப் பாட்டியரே வருவர். அந்நால்வரின் புள்ளிகளை நான் அறிவேன். அவர்தம் தாய்மார் எங்கே, எத்தகைய வேலையில் இருக்கின்றனர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உழைக்கும் மக்களைப் பற்றி மேடையிற் பேசிய எனக்கு, அவர்களுடைய பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தும் கண்ணிற் படவில்லை.

பாதத்தை நான் தொடவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், நகைக்கவும் முடியவில்லை. சீட்டு வாங்கிய குடியானவனின் ஏக்கமும் இத்தாயின் ஏக்கமும் ஒன்றே. அதனை விற்றுப் பிழைத்தவரே நகைப்புக்குரியவர்; ஏங்கியவர் அல்லர். முகப்பில் ஒரு குடும்பத்தின் பெயர் நிற்கிறது. பெயரில்லாதவரின் கைகளோ வெண்கலத்தையே தேய்த்திருக்கின்றன. வெண்கலம் தேய்ந்தும் அவர்தம் துயரம் தேயவில்லை. அதைத் தேய்ப்பது சிலையின் வேலையன்று, நமது வேலை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாளே அந்நால்வரையும் தனித்தனியே அழைத்துப் பேசினேன்.