எந்த எழுத்தில் பணம் இருக்கிறது?

ராயபுரம் பக்கம் கிளியரிங் ஆபீஸில் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் போடுகிறவனுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? எந்த எழுத்தில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

வங்கிகளின் கணக்கும் இதுதான். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) டாக்குமெண்டுகளைச் சரிபார்க்க சர்வதேச வர்த்தக சபை 2013இல் வெளியிட்ட ஐ.எஸ்.பி.பி. 745, ‘மெஷின்’ என்ற சொல்லில் ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘எஸ்’ விழுந்தால் டிஸ்கிரிபன்சி இல்லை என்கிறது. மாடல் 321 என்பது 123 என்று விழுந்தால் விடாது. முதல் பிழையைப் படிக்கிறவரே திருத்திக்கொள்வார். இரண்டாவதை முடியாது, 123 என்றும் ஒரு மாடல் இருக்கலாமே!

ஸ்பெல்-செக் சிவப்புக் கோடு போடாத இந்த ரகம்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘டன்’னையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மூன்றெழுத்தில் எழுதினால் அமெரிக்காக்காரருக்கு அது 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் கணக்கில் 1,016. கடைசியில் ‘என்’, ‘இ’ சேர்த்தால் 1,000 கிலோ. 500 டன் சரக்கில் அமெரிக்கக் கணக்குக்கும் நம் கணக்குக்கும் 46,000 கிலோவுக்கு மேல் இடிக்கும். அதனால் ‘மெட்ரிக்’ என்று முன்னால் போடாமல் நான் விடுவதில்லை.

‘கலர்’ வேறு விஷயம். பையர் எல்.சி.யில் ‘யு’ இல்லாமல் எழுதியிருந்தால் இன்வாய்ஸிலும் அப்படியே இறக்க வேண்டும். நம் படிப்பைக் காட்டும் இடம் அதுவல்ல. கஸ்டம்ஸுக்குக் கடிதம் என்றால் ‘யு’ சேர்த்து, பிரிட்டிஷ் முறையில்.

அந்தக் கடிதத்தில் ‘கான்ட்’, ‘வோன்ட்’ என்ற சுருக்கங்கள் கூடாது. மரியாதை ஒரு காரணம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த அப்பாஸ்ட்ரபி காணாமல் போவது இன்னொன்று. கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் பாண்டிலும் ‘மாட்டோம்’ என்பது முழுச் சொல்லாக நிற்க வேண்டும். இதில் உபரி லாபமும் உண்டு. சுருக்கமே கிடையாது என்று வைத்துக்கொண்டால், ‘இட்ஸ்’ வருகிற இடத்தில் அப்பாஸ்ட்ரபி போடுவதா வேண்டாமா என்ற குழப்பமே வராது. எப்போதும் வேண்டாம்.

புதுப் பையன்கள் மல்லுக்கட்டுவது ஊர்ப் பெயரோடு. திருவொற்றியூருக்கு ‘டி’க்குப் பிறகு ‘எச்’ உண்டா? 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி, சில நாளிலேயே வாபஸ் வாங்கியது. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600 இங்கே தாராளம்: பையர், செல்லர் முகவரி எல்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டியதில்லை, நாடு மாறாமல் இருந்தால் போதும். துறைமுகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரே கடற்கரைதான். கஸ்டம்ஸில் மூன்றுக்கும் தனித்தனி கோடு. எல்.சி. ‘சென்னை போர்ட்’ என்று கேட்டிருக்க, பெட்டி காட்டுப்பள்ளியில் ஏறினால், ஒரு எழுத்துகூடப் பிசகாத பி.எல்.லும் (பில் ஆஃப் லேடிங்) வங்கியிலிருந்து திரும்பி வரும்.

ஆகவே செக்லிஸ்ட் கைக்கு வந்ததும் முதலில் எண், அளவு, துறைமுகம். ஸ்பெல்லிங் அதற்குப் பிறகு.