ஒரு விசிலுக்கு அடங்கிய அப்பா

ஆடி மாசம் புதுப் பெண்டாட்டியைத்தான் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். எங்கள் வீட்டில் 2024 ஆடியில், எழுபத்து மூன்று வயது அப்பா, 'என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போ' என்று பிடிவாதம் பிடித்தார்.

லேசில் ஆகிற காரியமா? அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து போயிருந்தது. 'மைல்டுதான்' என்றார் டாக்டர். மைல்டு டாக்டருக்கு! அப்பாவின் வலது கை சட்டைப் பித்தானைப் போட மறுக்கும். வலது கால், வாசற்படியைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் தாண்டும்.

"குளிக்க இல்லடா. சும்மா பாக்கத்தான்" என்றார் அப்பா.

நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை. நாற்பத்தைந்து வருஷ அனுபவம்.

ஆபீசில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு காஷுவல் லீவ் கேட்டேன். "எதுக்கு?" என்றார் மானேஜர். "குற்றாலம் சார்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதியிருந்தா பேசாம குடுத்திருப்பேனே?" என்றார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததாலதான் சார் குற்றாலம்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை ராத்திரி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், அப்பா, அம்மா. விடிகிற நேரத்துக்கு ராஜபாளையம் வந்ததும் அப்பா எல்லோரையும் எழுப்பிவிட்டார். அவர் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த ஊர். மில் எந்தப் பக்கம் என்று பேரனுக்குக் காட்டினார். பேரன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

இதே ராஜபாளையத்திலிருந்து 1987-ல் எங்களை முதன்முதலாகக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார் அப்பா. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாக பஸ். அடுக்குத் தூக்கில் புளியோதரை. எனக்கும் அப்போது எட்டு வயசுதான். பேரருவியின் சத்தத்தைக் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போய் நின்றார். பயத்தில் அவர் தோளைக் கடித்துவிட்டேன். அந்தப் பல் தடம் ஒரு வாரம் இருந்ததாம். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்துவதே 'அப்பன் தோளைக் கடிச்ச பய' என்றுதான்.

தென்காசியில் இறங்கியதுமே சாரல். மழைக்கும் சாரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்னைக்காரன் ஒருவன் குடையை விரித்தான். அவன் வேறு யாருமில்லை, நான்தான். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சாரலுக்குக் குடை பிடிப்பது, பன்னீர் தெளிக்கும்போது முகத்தை மூடிக்கொள்கிற மாதிரி. இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்ளும். ஆனால் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுப் பக்கம் மலை கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. அந்த வாசல் வழியாகக் கேரளத்து மேகம் எட்டிப் பார்ப்பதுதான் நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பையனுக்காக. புலியருவியில் அவனை இறக்கிவிட்டோம். பேர்தான் புலி. குழந்தைகள் குளிக்கத் தோதான அருவி. அப்புறம் ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ். சாயங்காலம் செங்கோட்டை ரோட்டில் பிரானூர் போய் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். டாக்டர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த டயட் சார்ட்டை அம்மா ஓட்டலில் வைத்து எடுத்துக் காட்டினாள். அப்பா அதன் மேல் சால்னாக் கிண்ணத்தை வைத்துவிட்டார்.

ராத்திரி லாட்ஜில் அப்பாவின் பையைப் பிரித்தபோது அடியில் ஒரு காசித்துண்டு.

"பாக்கத்தானே வந்தோம்? துண்டு எதுக்கு?" என்றாள் அம்மா.

"வேர்வை தொடைக்க."

வெளியே சாரல் ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் பல் கிட்டிக்கொண்டிருந்தது. இவருக்கு வேர்க்கிறதாம்!

வேறு வழியில்லாமல் டாக்டருக்கு போன் போட்டேன். அவர், "தலையில நேரா விழக் கூடாது, வழுக்கி விழக் கூடாது, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது" என்றார். அதாவது மூன்று 'கூடாது'. "போகக் கூடாதுன்னு சொன்னாரா? சொல்லலியே!" என்று அப்பா பாயின்ட்டைப் பிடித்தார். மில் ஆபீசில் வவுச்சர் சரிபார்த்த மனுஷன் அல்லவா?

கடைசியில் என் மனைவிதான் தீர்ப்பு சொன்னாள். "மாமா, காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போங்க. ஓரமா நில்லுங்க. இவர் கையை விடவே கூடாது. சரியா?" அப்பா ஸ்கூல் பையன் மாதிரி தலையாட்டினார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "காய்ச்சல் வந்தா நான் பாக்க மாட்டேன்" என்று சுவரிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. பேரருவி.

பேரருவியை போட்டோவில் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் கழுத்து என்ன ஆகும்? நடுவில் பாறையிலேயே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பொங்குமாகடல் என்று பெயர். மேலேயிருந்து வருகிற வேகத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டு, பொங்கி வழிவதைத்தான் கீழே நமக்கு அனுப்புகிறது. ஆபீசில் மேலிடத்துக் கோபத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு நமக்கு பாதி மட்டும் அனுப்புகிற செக்ஷன் ஆபீசர் மாதிரி. (அப்படி ஒருவர் உங்கள் ஆபீசில் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.)

அந்தப் பாதியே போதும். கிட்டே போகப் போகப் பேச்சு கேட்பது நின்றுவிடுகிறது. வாய் அசைவதுதான் தெரிகிறது. அப்புறம் அருவிக் காற்று முகத்தில் அறைகிறது. இன்னும் தண்ணீருக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்துவிடுகிறது. கடைசியாக அந்த முதல் அடி! யாரோ முதுகில் ஒரு மூட்டை அரிசியை இறக்கின மாதிரி. மூச்சு ஒரு கணம் நின்று, 'ஹா' என்று தன்னால் வெளியே வருகிறது. எதிரே ஆறடி ஆள் ஒருவர் குழந்தை மாதிரி கத்திக்கொண்டிருந்தார். அங்கே யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. மானேஜரும் பியூனும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தலாம்.

அப்பாவை ஓரத்தில் நிறுத்தினேன். இடது கையால் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது கை என் கையில். ஈரத் தலையோடு நின்ற ஒரு பையன், "பெரியவருக்கு எடம் விடுங்கப்பா" என்று நாலு பேரை நகர்த்திவிட்டான். முகம் தெரியாத அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும். அவன் பக்கத்திலேயே இன்னொருத்தன் பிளாஸ்டிக் கவருக்குள் செல்போனைப் போட்டுக்கொண்டு, அருவிக்கு முதுகைக் காட்டி, ஏழு தரம் சிரித்தான். குற்றாலத்துக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் அப்பாவின் தோளில் விழுந்தது. 1987-ல் நான் கடித்த அதே வலது தோள். அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கொஞ்சம் மட்டு. 'எப்படி இருக்கு?' என்று கண்ணால் கேட்டேன். கோணிப்போன வாய் கோணலாகவே சிரித்தது. ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். விசில் சத்தம்.

அருவிச் சத்தத்தில் அது ஒரு குருவி கத்துகிற மாதிரிதான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் போலீஸ்காரர் கையை வீசி வீசி ஊதிக்கொண்டிருந்தார். கீழே லேசான சாரல்தான். வெயில்கூட எட்டிப் பார்த்தது. இளவட்டங்கள் காது கேட்காத மாதிரி நடித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் இன்னும் ஒரு நிமிஷம் நிற்கலாமே என்றுதான் நினைத்தேன். இத்தனை பாடுபட்டு வந்திருக்கிறோமே!

அப்பா நினைக்கவில்லை. அம்மா பேச்சு, டாக்டர் பேச்சு, என் பேச்சு எதையும் கேட்காத மனுஷன், அந்த விசிலுக்கு டக்கென்று கம்பியை விட்டுத் திரும்பினார்.

திரும்பியபோதுதான் வலது கால் சதி செய்தது. வழுக்குப் பாறை. பின்னாலிருந்து கூட்டம் ஒரே நேரத்தில் வெளியே நெருக்கியது. அப்பா ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை என் கையிலிருந்து நழுவி, முழங்கைக்கு மேலே சதையைக் கவ்விப் பிடித்தது. பித்தான் போட மறுக்கிற அதே கை! நான் அவர் இடுப்பில் கையைக் கொடுத்து, தூக்கினேனா இழுத்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அந்தத் தம்பி மறுபக்கம் தாங்கினான். போலீஸ்காரர் எட்டிக் கை கொடுத்தார். படிக்கு வந்துவிட்டோம்.

அதற்குள் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. வெள்ளை போய் டீ நிறம். இலை, சுள்ளி எல்லாம் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சைரன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் பிடித்து நின்ற கம்பி இருந்த இடமே தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் நடுங்க ஆரம்பித்தது.

குற்றாலத்தின் விவகாரமே இதுதான். கீழே வெயிலடிக்கும், மேலே காட்டுக்குள் மழை கொட்டியிருக்கும். சிற்றாறு அதை வாரிக்கொண்டு வந்து நம் தலையில் போடும்வரை நமக்குத் தெரியாது. அந்த வருஷம் மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, குளிக்க வந்த 17 வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான் நானும்.

"எப்படிப்பா உடனே திரும்புனீங்க?" என்று கேட்டேன்.

"முப்பத்து நாலு வருஷம் சங்குக்குப் போயி சங்குக்கு வந்தவன்டா. ஊதுறவனுக்குத் தெரியும் எதுக்கு ஊதுறான்னு."

அம்மா காசித்துண்டால் அப்பாவின் தலையைத் துவட்டினாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் அழுத்தமாகவே துவட்டினாள். திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அதே அடி" என்றார் அப்பா. "ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கும் நான் பைக்குக் காவல். இன்னிக்கும் பைக்குக் காவல்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். 1987-ல் புளியோதரைத் தூக்கையும் எங்கள் துணிமணிகளையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு அம்மா படியில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் ஈரமாக இருந்ததாக ஞாபகமே இல்லை. அதற்கப்புறம் நாலைந்து தடவை வந்திருக்கிறோம். வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை.

சனிக்கிழமை முழுக்கத் தடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தடையை எடுத்தார்கள். ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தது. ஐந்தருவிக்குப் போனோம். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அம்மா, "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்று ஆரம்பித்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படியில் நான், அப்பா, பையன். மடியில் மூன்று பை. என் முழங்கைக்கு மேலே நாலு நகக் கீறல், கன்றிப்போய் நீலமாக. பையன் அதை எண்ணிப் பார்த்து, "தாத்தா போட்டதாப்பா?" என்றான்.

பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு. ஒரு குரங்கு வந்து சிப்ஸ் பொட்டலத்தைச் சாவகாசமாகப் பிரித்துத் தின்றுவிட்டுப் போனது. காவல் காக்கிற லட்சணம் அவ்வளவுதான். அரை மணி ஆச்சு. அம்மாவைக் காணோம்.

"ஏலே, போலீஸ்காரர்ட்டப் போய்க் கேளு" என்றார் அப்பா. "விசில் கிசில் அடிச்சு நமக்குத்தான் கேக்கலியோ என்னவோ."