பிழையின் குரல்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பூக்கடைக்கு மேல்மாடியில், சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் 15ஆம் நாளுக்குள் ஊழியர் சேமநிதிச் சந்தாவைக் கட்டியாக வேண்டும். ஆகவே மாதத்தின் முதற்பாதியில் அங்கே விளக்கு அணைய நெடுநேரம் ஆகும். அந்த அலுவலகத்தின் மூலை மேசையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். வயது எழுபத்தைந்தைக் கடந்தும் ஓய்வை விரும்பாதவர். எல்லாருக்கும் அவர் கிராணியார்.

கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில், 1970களில், செக்ரோல் எழுதிப் பழகிய கை அவருடையது. பேரேட்டின் இருபக்கக் கூட்டுத்தொகையும் ஒட்டவில்லையென்றால் இரவானாலும் அவர் எழுந்திருக்கமாட்டார். வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், 72 என்பதை 27 என்று எங்கோ இலக்கம் மாற்றி எழுதியிருக்கக்கூடும் என்று தேடுவார். இல்லையேல் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பிழை தானாக வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாத காலம் அது.

அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் 1979ஆம் ஆண்டில் ‘விசிகால்க்’ என்னும் விரிதாளை வெளியிட்டனர். ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறிக்கொண்டன. அதன் வழியில் 1985இல் வந்த ‘எக்செல்’ இன்று பிரிக்பீல்ட்ஸ் மாடியறை வரையில் ஆட்சி செலுத்துகிறது. கிராணியாருக்கு அதைக் கற்றுக் கொடுத்தவள் அங்கே பணிபுரியும் இளம்பெண். கற்ற பின்னர் அவர் வியந்தது அதன் வேகத்தை அன்று. அது தன் பிழையைத் தானே சொல்லும் இயல்பைத்தான்.

எண்ணைச் சுழியால் வகுக்கச் சொன்னால் ‘டிவ்’ என்று தொடங்கும் குறியைக் காட்டும். சூத்திரத்தின் பெயரைத் தவறாகத் தட்டினால் ‘நேம்’ என்று கேட்கும். சூத்திரம் நம்பியிருந்த கட்டத்தை அழித்துவிட்டால் ‘ரெஃப்’ என்று முறையிடும். எண்ணோடு பெருக்கவேண்டிய இடத்தில் சொல் நின்றால் ‘வேல்யூ’ என்று மறுக்கும். ஒரு கட்டத்தில் தோன்றிய பிழை, அதைச் சார்ந்த கட்டங்களுக்கெல்லாம் பரவும். நூறு கட்டங்கள் ஒருசேரக் கூக்குரலிட்டாலும் குற்றவாளி பெரும்பாலும் ஒரே கட்டம்தான். கடைசிக் கூட்டுத்தொகையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக நடந்தால் அது அகப்பட்டுவிடும். நீண்ட சூத்திரமாயின் அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனிக் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கிராணியார் பேரேட்டில் செய்ததும் இதுவே.

அஞ்சத்தக்கது குரல் எழுப்பாத பிழையே. 2010ஆம் ஆண்டில் ரெயின்ஹார்ட், ரோகாப் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் நாடுகளின் கடனைப் பற்றி ஆய்வுரை ஒன்றை எழுதினர். சராசரி காணும் சூத்திரம் ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டதால் ஐந்து நாடுகள் அதில் விடுபட்டன. எக்செல் அதைத் தவறென்று சொல்லவில்லை. கேட்ட வரிசைகளைச் சரியாகவே கணக்கிட்டுக் கொடுத்தது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அதே தாளைத் திறந்து பார்த்த பின்னரே உண்மை வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் நோயாளிகளின் பட்டியலைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. 15,841 பேரின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. தாளில் வெற்றிடம் கூடத் தெரியவில்லை.

இத்தகைய பிழை ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியிலும் ஏறி வந்தது. கிள்ளானில் மளிகைக் கிடங்கு ஒன்றில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர், கொம்யூட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து நடந்து அந்த அலுவலகத்தை அடைந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஐம்பத்தைந்தில் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்று காத்திருப்பவர். கையில் இரண்டு சேமநிதி அறிக்கைகள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றொன்று உடன் வேலை செய்யும் நண்பருடையது.

“தங்கச்சி, நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே சம்பளம். அவன் கணக்கில் மாதம் 480 வெள்ளி ஏறுகிறது. என் கணக்கில் 432தான். நான் என்ன தவறு செய்தேன்?” என்று அவர் கேட்டார்.

அந்தப் பெண் தாளைத் திறந்தாள். அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி. நாளொன்றுக்கு 8 வெள்ளி சாப்பாட்டுப் படி. 25 நாளுக்கு 200. படியை முதலாளி வாரந்தோறும் ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுவார். ஆயினும் சேமநிதிக்கு அதுவும் சம்பளமே. 2,000 வெள்ளிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 260. தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 220. இவருக்கோ 1,800க்கு உரிய 234உம் 198உம் மட்டுமே போயிருந்தன. அவருடைய வரிசையில் படி என்னும் கட்டத்தில் சுழி நின்றது.

சுழியின்மேல் விரலை வைத்துச் சூத்திரத்தைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. கிடங்கில் முன்பு கணக்கெழுதியவர், இவருக்கு மட்டும் எட்டு என்னும் எண்ணோடு ‘ரிங்கிட்’ என்னும் சொல்லையும் சேர்த்துத் தட்டியிருந்தார். எக்செல் ‘வேல்யூ’ என்று மறுத்திருக்கிறது. அவர் காரணத்தைத் தேடவில்லை. பிழை வந்தால் அதற்குப் பதிலாகச் சுழியைக் காட்டு என்னும் ‘இஃப்எரர்’ கட்டளையை அந்தப் பத்தி முழுவதற்கும் போர்த்திவிட்டார். தாள் அழகாயிற்று. எந்திரம் தன் கடமையைச் செய்தது. மனிதர் அதன் வாயை மூடினார்.

மூன்றாண்டுகள். மாதம் 48 வெள்ளி வீதம் 1,728 வெள்ளி. அதில் 936 முதலாளி தந்திருக்க வேண்டியது. அதன்மேல் ஆண்டுதோறும் சேர்ந்திருக்கவேண்டிய இலாப ஈவு வேறு. அந்த மூன்றாண்டில் பின் பதினெட்டு மாதங்கள் தாளை அனுப்பியவள் அந்தப் பெண்ணே. கூட்டுத்தொகையைப் பார்த்தாள், கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. இம்மாதம் முதல் சொல்லை நீக்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பழையது யாருக்கும் தெரியப்போவதில்லை. முதலாளிக்குச் சொன்னால் வாடிக்கை போகலாம். அவள் கிராணியாரின் முகத்தைப் பார்த்தாள்.

முதியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “அம்மா, தோட்டத்தில் ஒருமுறை பால்மரம் வெட்டும் பெண் ஒருத்திக்கு ஒருநாள் பேரைச் செக்ரோலில் போட விட்டுவிட்டேன். மறுமாதம் கண்டுகொண்டேன். துரைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்போது அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதி. அவளை எங்கே போய்த் தேடுவேன்? உனக்கு அந்தக் கவலை இல்லை. உன் ஆள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.”

அவள் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் முதலாளி உரத்த குரலில் பேசியது தொழிலாளிக்கும் கேட்டது. அவள் தன் பொறுப்பையும் சேர்த்தே சொன்னாள். மாதவாரியாகக் கணக்கை எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். மூன்று நாள் கழித்து, விடுபட்ட சந்தாவைக் கட்ட முதலாளி இசைந்தார்.

அன்று மாலை தொழிலாளி விடைபெற்றுச் சென்ற பின், அவள் அந்தப் பத்தி முழுவதிலும் போர்த்தியிருந்த கட்டளையை நீக்கினாள். திரையில் மேலும் இரண்டு இடங்களில் ‘வேல்யூ’ என்னும் சொல் தலைகாட்டிற்று. அவ்விரண்டும் வேறு இரு தொழிலாளர்களின் வரிசைகள்.

கிராணியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தம் நாற்காலியை அவள் மேசைப்பக்கம் நகர்த்திப் போட்டார்.